இரண்டு நாள் தொழில்நுட்பக் கூடுகை: திங்கட்கிழமையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். தனித்தனியாக இயங்கும் சிறு குழுக்களிலிருந்து சுமார் 40 களச் செயற்பாட்டாளர்களை ஒரு சனி, ஞாயிறு ஒன்றாகக் கூட்டி, அவர்கள் வேலைக்கு உதவும் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர நினைக்கிறீர்கள். எந்தெந்தச் செயலிகளை எடுத்துக்கொள்வது, நிகழ்ச்சி நிரலை எப்படிப் போடுவது, யாரைப் பேச அழைப்பது, பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று நான்கு கேள்விகள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன முறை எல்லாரும் மனநிறைவோடு போனார்கள், இரண்டு மாதம் கழித்து விசாரித்தால் யாரும் எதையும் பயன்படுத்தவில்லை. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற நான்குக்கும் பதில் தானாக வரும்.

பல வருடங்களாக இந்த மாதிரிக் கூடுகைகளோடு எனக்குத் தொடர்பு உண்டு. சிலவற்றை வழிநடத்தியிருக்கிறேன், சிலவற்றில் வயர் இழுத்து ரௌட்டர் மாட்டும் வேலை மட்டும் பார்த்திருக்கிறேன், பலவற்றில் ஒரு மேசையில் ஐந்து பேரோடு உட்கார்ந்து அவரவர் போனில் உதவியிருக்கிறேன். எல்லாம் 15 பேரிலிருந்து 60 பேர் வரையிலான கூட்டங்கள். 300 பேர் மாநாட்டுக்கு நான் சொல்வது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சட்டமும் என் துறை அல்ல. எது உறுதியானது, எது என் அனுபவத்தில் எழுந்த கருத்து என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நிரல் எழுத உட்காருவதற்கு முன்னால், ஐந்தாறு வாரம் இருக்கும்போதே, வரப்போகிறவர்களில் 10, 12 பேரையாவது போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். படிவம் அனுப்பிப் பதில் வாங்கினால் போதாது. 'என்ன கற்றுக்கொள்ள விருப்பம்' என்று படிவத்தில் கேட்டால், எங்கோ கேள்விப்பட்ட பெயரைத்தான் எழுதுவார்கள். சமீபத்தில் எந்த வார்த்தை அதிகம் அடிபடுகிறதோ அது எல்லாப் படிவத்திலும் இருக்கும். அதை நம்பி நிரல் போட்டால், யாருக்கும் தேவைப்படாத ஒன்றை எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பீர்கள். போனில் நான் கேட்பது வேறு. நேற்று வேலை விஷயமாகப் போனில் என்னென்ன செய்தீர்கள்? கடந்த ஒரு வருடத்தில் எந்தத் தகவல் தொலைந்துபோனது, அல்லது தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்கவில்லை? எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது? உங்கள் போன் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறதா, வீட்டில் வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா?

ஒரு முறை ஒரு கூட்டமைப்பு, மின்னஞ்சலை மறைகுறியாக்குவது, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது எப்படி என்று முழு நாள் பயிற்சி கேட்டது. நான் ஒன்பது பேரிடம் பேசினேன். அவர்களில் ஏழு பேர் மின்னஞ்சலை மாதம் ஒரு முறை திறப்பதே அபூர்வம். ஆனால் எல்லாரும் சொன்ன ஒரு விஷயம், உறுப்பினர் பட்டியல் ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, அதன் படங்கள் ஒரே ஒருவருடைய போனில் இருக்கின்றன என்பது. அந்தப் போனுக்குத் திரைப்பூட்டும் கிடையாது. அந்தப் பயிற்சி, பட்டியலை எங்கே வைப்பது, யார் பார்க்கலாம், தொலைந்தால் எப்படி மீட்பது என்பதாக மாறியது. மறைகுறியாக்கம் அதில் ஒரு பகுதியாக வந்தது, அதுவும் எதற்காக என்று அவர்களுக்கே தெரிந்த நிலையில் வந்தது.

போன் யாரிடமெல்லாம் இருக்கிறது என்ற கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகிர்ந்துகொள்ளும் போனில் வேலை செய்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், 'உங்கள் கைரேகையால் பூட்டுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள்' என்றால் வீட்டில் ஒரு புதுப் பிரச்சினையை உண்டாக்கி அனுப்புகிறோம். அவர்களுக்குச் செயலியை மட்டும் தனியாகப் பூட்டுவது, செய்திகள் தானாக அழியும்படி வைப்பது, முக்கியமான கோப்பைப் போனில் வைக்காமலே இருப்பது போன்ற வழிகள்தான் பயன்படும். வந்து உட்கார்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் காலம் கடந்துவிடும்.

பேசி முடித்ததும், கூடுகை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவர்கள் என்ன வித்தியாசமாகச் செய்வார்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'டிஜிட்டல் விழிப்புணர்வு பெறுவார்கள்' என்பது கணக்கில் வராது. 'ஒவ்வொரு குழுவின் உறுப்பினர் பட்டியலும் இரண்டு பேரிடம், பூட்டிய இடத்தில் இருக்கும்' என்பது வாக்கியம். இரண்டு நாளில் இப்படி மூன்று வாக்கியங்களை நிறைவேற்ற முடியும் என்பது என் கணக்கு. நான்காவதைச் சேர்த்தபோதெல்லாம் முதல் மூன்றில் ஒன்று அரைகுறையாக நின்றது. தொண்டு நிறுவனங்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்குமான தொழில்நுட்ப முகாம்களில் அதிகம் பேசப்படும் 'சோர்ஸ் கேம்ப்' வரிசை, 2003இல் குரோஷியாவின் விஸ் தீவிலும், 2004இல் நமீபியாவிலும், 2005இல் பெங்களூரிலும் நடந்தது. அவை ஏறக்குறைய ஒரு வாரம் நீண்டவை, ஆட்களும் ஓரளவு தொழில்நுட்பம் அறிந்தவர்கள். அவற்றின் உற்சாகத்தைப் படித்துவிட்டு அந்த நிரலை இரண்டு நாளுக்குள் திணிக்கப் பார்ப்பது நான் அடிக்கடி காணும் தவறு.

நிரலின் வடிவத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்தும் உண்டு, தயக்கமும் உண்டு. பங்கேற்பாளர்களே வந்த இடத்தில் தலைப்புகளை முடிவு செய்யும் 'ஓப்பன் ஸ்பேஸ்' முறையை ஹாரிசன் ஓவன் 1985இல் நடத்திக் காட்டினார். ஒரு வருடம் பாடுபட்டு அவர் ஒழுங்கு செய்த மாநாட்டில், காபி இடைவேளைதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னதிலிருந்து பிறந்தது அது. தனக்கு உதவாத அமர்விலிருந்து யாரும் எழுந்து வேறு அமர்வுக்குப் போகலாம் என்பது அதன் விதி. 2005இல் தொடங்கிய, வருகிறவர்களே அமர்வு நடத்தும் பார்கேம்ப் கூட்டங்களும் இதே வழியில் வந்தவை. ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், கேள்வியோடு வருகிறவர்கள் இருந்தால் இந்த முறைக்கு இணை இல்லை. ஆனால் முதன்முறை இப்படி ஒரு கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் வெற்றுச் சுவரைக் காட்டி 'தலைப்பு எழுதுங்கள்' என்றால், பேசிப் பழகிய நான்கைந்து பேர் சுவரை நிரப்பிவிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு நாளும் பார்வையாளர்களாகவே இருப்பார்கள். அதனால் நான் கலந்து செய்கிறேன். முதல் நாள் முழுவதும் முன்பே முடிவுசெய்த இரண்டு விஷயங்கள். இரண்டாம் நாள் காலை, முதல் நாள் எழுந்த கேள்விகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, அதிலிருந்து இணையாக நடக்கும் மூன்று நான்கு சிறு அமர்வுகள். மதியம் மூன்றாவது விஷயமும், திரும்பிப் போய் என்ன செய்வது என்ற வேலையும்.

ஒரு அமர்வு 75 முதல் 90 நிமிடம் இருக்கட்டும். போனில் கைவேலை என்றால் அதைவிடக் குறைத்தால் மெதுவாகச் செய்கிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். மதிய உணவுக்குப் பிறகு வரும் முதல் அமர்வில் யாரும் உட்கார்ந்து கேட்கும்படியான எதையும் வைக்காதீர்கள். முதல் நாள் காலையில் அறிமுகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை வெட்டவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமல் யாரும் தன் போன் திரையைக் காட்டமாட்டார்கள்.

யாரைப் பேச அழைப்பது என்று கேட்டிருந்தீர்கள். பேச என்று யாரையும் அழைக்காதீர்கள், உட்கார அழையுங்கள். 40 பேருக்கு எட்டுப் பேர், அதாவது ஐந்து பேருக்கு ஒருவர், மேசைக்கு மேசை உதவியாளர்களாக இரண்டு நாளும் இருக்க வேண்டும். புகழ்பெற்ற நிபுணர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பினால் அதில் கிடைப்பது குறைவு. அதே நிபுணர் ஒரு மேசையில் உட்கார்ந்து, 'இந்தப் பொத்தானை அழுத்தினால் என் படமெல்லாம் போய்விடுமா' என்ற பயத்துக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் கிடைப்பது ஏராளம். உதவியாளர்களில் பாதிப் பேராவது அந்தக் குழுக்களிலிருந்தே வரட்டும். மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும். கூடுகைக்கு முந்தைய நாள் அவர்களுக்கு அரை நாள் ஒத்திகை வையுங்கள். அவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான விதி, அடுத்தவர் போனை வாங்கி நீங்களே செய்யாதீர்கள் என்பது. விரலால் சுட்டிக் காட்டலாம், அழுத்துவது போனுக்குச் சொந்தக்காரர்தான். நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஆனால் திங்கட்கிழமை அந்த விரலுக்கு வழி தெரிந்திருக்கும்.

அமர்வை எப்படி நடத்துவது என்பதற்கு, டிஜிட்டல் பாதுகாப்புப் பயிற்சியாளர்கள் மத்தியில் பரவலான ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு செயல், பிறகு அதைப் பற்றி உரையாடல், பிறகுதான் விளக்கம், அதற்கப்புறம் கைவேலையாக ஆழப்படுத்துவது, கடைசியில் தொகுப்பு. விளக்கம் மூன்றாவதாக வருவதுதான் இதில் முக்கியம். கடவுச்சொல்லுக்கு இதை எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன், மற்றவற்றையும் நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மேசைக்கு ஐந்து பகடைகளும் ஒரு சொற்பட்டியலும் கொடுங்கள். ஐந்து பகடையை உருட்டினால் 7776 விதமான விடைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் என்று 7776 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியலை எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு 2016இல் வெளியிட்டது. மூல யோசனை ஆர்னால்ட் ரைன்ஹோல்டின் டைஸ்வேர், 1995இல் வந்தது. ஆறு முறை உருட்டி ஆறு சொல் எடுத்தால் கணினியாலும் எளிதில் ஊகிக்க முடியாத, மனிதரால் நினைவில் வைக்க முடிகிற கடவுச்சொல் கிடைத்துவிடும். உங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் பழக்கமில்லை என்றால், அவர்கள் மொழியின் எளிய சொற்களை ரோமன் எழுத்தில் எழுதி நீங்களே பட்டியல் போடலாம். நான்கு பகடைக்கு 1296 சொல் போதும், அப்போது எட்டுச் சொல் எடுத்தால் வலு குறையாது. சொல்லைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டும் மாறக்கூடாது. பிடித்த சொல்லை மனிதர் எடுத்தால் அது பிள்ளை பெயராகவோ தலைவர் பெயராகவோதான் முடியும். உருட்டி முடித்ததும் அந்தச் சொற்களை வைத்து ஒரு காட்சியைக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். சிரிப்பும் சத்தமும் அடங்கியதும், ஏன் நீளம் முக்கியம், ஏன் ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்கக்கூடாது என்ற உரையாடலை அவர்களே தொடங்குவார்கள். அப்புறம் எல்லாக் கடவுச்சொற்களையும் சேர்த்து வைக்கும் பிட்வார்டன் அல்லது (கணினி என்றால்) கீபாஸ் எக்ஸ்சி போன்ற ஒரு கடவுச்சொல் பெட்டகத்தை அந்தச் சொற்களால் பூட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய அறிவுரையைக் கைவிடலாம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கசிந்ததற்கு அறிகுறி இல்லாதபோது அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும்படி வைக்கும் இரட்டைச் சரிபார்ப்பு அமர்வில் ஒரு எச்சரிக்கை. போன் தொலைந்தாலும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பையில் வைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். நான் உதவிய ஒரு கூடுகையில் இதை 'வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டோம். மூன்று வாரத்தில் ஒருவருடைய போன் உடைந்து, பத்து வருட மின்னஞ்சல் திறக்க முடியாமல் போய்விட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் நாங்கள் செய்த இழப்பு அது. அன்றிலிருந்து தாளும் பேனாவும் இல்லாமல் நான் அந்த அமர்வைத் தொடங்குவதே இல்லை.

எந்தச் செய்திச் செயலி என்ற கேள்வி கட்டாயம் வரும், அதனால் உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்டவை, அதாவது பேசிக்கொள்கிறவர்கள் மட்டுமே படிக்க முடியும். ஆனால் இணையத்தில் (கிளவுடில்) எடுத்து வைக்கும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு தனி. 2021இல் வந்த அந்த வசதியை நாமே போய் இயக்க வேண்டும். டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கும் எந்தக் குழுவுக்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கம் இல்லை, இருவருக்கு இடையிலான 'ரகசிய உரையாடல்' மட்டும்தான் அப்படி. இதை மாற்றி நம்பிக்கொண்டிருக்கும் செயற்பாட்டாளர்களை எண்ணிச் சொல்ல முடியாது. சிக்னல் என்ற செய்திச் செயலியின் நிறுவனத்திடம் 2016இல் ஒரு அமெரிக்க நீதிமன்றம் வழியாகத் தகவல் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் அவர்களிடம் வேறு இல்லை. பதிவு செய்ய இன்னும் போன் எண் வேண்டும், ஆனால் 2024 முதல் பயனர் பெயர் வைத்துக்கொண்டு எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம். இதெல்லாம் உறுதி. ஒரு முழுக் கூட்டமைப்பையும் பழைய செயலியிலிருந்து புதியதுக்கு மாற்ற முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒருங்கிணைப்பாளர் முதலில் மாறி, பழைய குழுவில் அறிவிப்புப் போடுவதை நிறுத்தினால் மாறுகிறார்கள். அவர் இரண்டிலும் போட்டால் எல்லாரும் பழையதிலேயே இருக்கிறார்கள். அவர் மாறத் தயாரில்லை என்றால் அந்த அமர்வை விட்டுவிட்டு, இருக்கும் செயலியிலேயே பேக்கப் பூட்டு, தானாக அழியும் செய்தி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற சரிபார்ப்பு ஆகியவற்றைச் செய்யுங்கள். அது சிறிய வெற்றி இல்லை.

பாதுகாப்பைப் பயமுறுத்திச் சொல்லித்தராதீர்கள், இது என் ஆழமான நம்பிக்கை. ஹேக்கிங் காட்சிகளைத் திரையில் ஓட்டினால் அறை அமைதியாகிவிடும். அது கவனிப்பதால் வரும் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம், கைவிட்டதால் வருவது. 'எப்படியும் எல்லாம் தெரிந்துவிடும், பூட்டி என்ன ஆகப் போகிறது' என்று அடுத்த இடைவேளையில் பேசிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஐந்து கேள்விகளை வைத்து மேசைவாரியாகப் பேசவிடுங்கள்: எதைக் காக்க வேண்டும், யாரிடமிருந்து, காக்காவிட்டால் என்ன ஆகும், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, அதைத் தடுக்க நான் எவ்வளவு சிரமப்படத் தயார். பெரும்பாலான மேசைகளில் பதில் பெரிய உளவு நிறுவனமாக இருப்பதில்லை. தொலைந்த போன், சண்டை போட்டுப் பிரிந்த பழைய உறுப்பினர், குழுவில் இன்னும் இருக்கும் யாரோ ஒருவரின் எண், இவைதான் வரும். இவற்றுக்கெல்லாம் அன்றைக்கே ஏதாவது செய்ய முடியும்.

புகைப்படத்தைப் பற்றி ஒன்று. படக் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். முகத்தை மங்கலாக்கும் வசதி சிக்னலிலேயே இருக்கிறது. ஆனால் நடந்த ஒன்றுக்குச் சாட்சியாக எடுத்த படம் என்றால், மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதியைப் பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் அதே இடமும் நேரமும்தான் பிறகு வலுச் சேர்ப்பவை. பகிரும் படம் வேறு, காப்பாற்றும் படம் வேறு என்று பிரித்துச் சொல்லாமல் 'எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்' என்று கற்றுக்கொடுத்தால் ஆதாரத்தை அழிக்கக் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இனி இடமும் வசதியும். பாதிக் கூடுகைகள் கெடுவது இங்கேதான். 40 பேரும் ஒரே நேரத்தில் 150 எம்பி அளவுள்ள ஒரு செயலியைத் தரவிறக்கினால் மொத்தம் 6 ஜிபி. 10 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 80 நிமிடம் ஆகும். ஒரு அமர்வே போய்விட்டது. வீட்டு ரௌட்டர் ஒன்றில் இருபது இருபத்தைந்து போன்கள் ஏறியதுமே திணறத் தொடங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். குறைந்தது இரண்டு வையுங்கள், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ரௌட்டருக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள், பக்கத்துச் சேனல்களில் வைத்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். அதைவிட முக்கியம், இரண்டு நாள் முன்பே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, செயலிகளை ஏற்றிக்கொண்டு, போனில் 2 ஜிபியாவது இடம் காலி செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். செயலிக் கோப்பைப் போனுக்குப் போன் கைமாற்றிக் கொடுப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் அதற்கு 'அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி' என்ற பொத்தானைத் திறந்துவிட வேண்டும். அடுத்த அமர்வில் அதைத் திறக்காதீர்கள் என்று நாமே சொல்லப்போகிறோம்.

அந்தந்தக் கணக்கோடு இணைந்த சிம் கையில் இருக்க வேண்டும் என்பதையும் அழைப்பில் சொல்லுங்கள், ஓடிபி வேறொரு வீட்டில் இருக்கும் போனுக்குப் போய் அமர்வு நின்றுபோன நாட்கள் உண்டு. பிளக் பாயிண்ட்டுகளை நேரில் போய் எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போகட்டும். மின்சாரமோ இணையமோ போனால் என்ன செய்வது என்று ஒவ்வொரு அமர்வுக்கும் தாளில் நடத்தக்கூடிய ஒரு மாற்று வடிவம் கையில் இருக்கட்டும். பகடை அமர்வும் ஐந்து கேள்வி அமர்வும் அப்படித் தாளிலேயே நடப்பவை, அதனால் இணையத்தின்மேல் நம்பிக்கை இல்லாத இடங்களில் அவற்றை நான் முதல் நாள் காலையிலேயே வைத்துவிடுவேன்.

கூடுகையே ஆபத்தாகிவிடக் கூடாது. பதிவுப் படிவத்தில் உண்மையில் தேவையானதை மட்டும் கேளுங்கள்: அழைக்கும் பெயர், தொடர்பு கொள்ள ஒரு வழி, உடல் தேவைகள், எப்போது வருவார். முகவரியும் அடையாள எண்ணும் எதற்கு? நிதி கொடுத்தவர் கையெழுத்துப் பட்டியல் கேட்டால், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்து, அதைப் பங்கேற்பாளர்களிடம் கூடுகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். படம் எடுப்பதற்கு, கழுத்துப் பட்டையில் இரண்டு நிறம் வைத்துவிட்டால் போதும், ஒரு நிறம் அணிந்தவரைப் படம் எடுக்கக்கூடாது. கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னது என்று சொல்லக்கூடாது என்ற சாட்டம் ஹவுஸ் விதி (லண்டன் ஆய்வு நிறுவனம் ஒன்றின் பெயரால் வழங்குவது) 1927இலிருந்து இருக்கிறது, அதை முதல் அமர்விலேயே எளிய மொழியில் சொல்லி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். யாராவது உளவு சொல்ல வந்திருப்பார்களோ என்ற சந்தேகம் சில குழுக்களில் இருக்கும். அறையில் ஆள் தேடி அதைத் தீர்க்க முடியாது, அந்தத் தேடல் கூட்டத்தையே உடைத்துவிடும். வெளியே தெரிந்தால் ஆபத்தாகும் எதையும் இந்த அறையில் பேச மாட்டோம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. இந்தக் கூடுகையின் வேலை கருவிகளைக் கற்பது, திட்டங்களைத் தீட்டுவது வேறொரு நாள். கூட்டம் நடத்த அனுமதி வேண்டுமா, எந்தக் கருவிக்குச் சட்டத் தடை இருக்கிறது என்பதையெல்லாம் உங்கள் இடத்தில் வழக்காடும் ஒரு வழக்கறிஞரிடம் தேதி முடிவு செய்யும் முன்பே கேளுங்கள்.

வர முடியாதவர்கள் யார் என்றும் யோசியுங்கள். இரண்டு முழு நாள் வீட்டைவிட்டு வர முடிகிறவர்களை மட்டும் கூப்பிட்டால், ஒரு குறிப்பிட்ட வகை ஆட்கள்தான் வருவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் இரண்டு பேரும் ஏற்பாடு செய்தால் அறையின் முகமே மாறுகிறது. பயணச் செலவைப் பிறகு அனுப்புகிறோம் என்று சொல்லாமல் வந்த இடத்திலேயே கொடுங்கள்.

பணத்தில் நான்கில் ஒரு பங்கை இரண்டு நாளுக்குப் பிறகான வேலைக்கு ஒதுக்கச் சொல்வேன். இது என் கணிப்பு மட்டுமே, ஆனால் போன முறை உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் இங்கேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கூடுகை முடிந்ததும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டால் தொடர்பு நீடிக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். நான் பார்த்த அளவில் அந்தக் குழு இரண்டு வாரம் வாழ்த்துச் செய்திகளோடு ஓடிவிட்டு அடங்கிவிடும். அதில் 'எனக்கு வரவில்லை' என்று 40 பேர் முன்னால் எழுத யாருக்கும் மனம் வராது. அதனால் ஞாயிறு மதியம் கடைசி இரண்டு மணி நேரத்தை உரைகளுக்கும் நன்றி அறிவிப்புக்கும் கொடுக்காமல், இரண்டிரண்டு பேராகச் சேர்த்து உட்கார வையுங்கள். பக்கத்துப் பகுதிகளில் வேலை செய்கிறவர்களாக இருந்தால் நல்லது. ஒவ்வொருவரும், தன் குழுவில் முதலில் எதை மாற்றப்போகிறேன், எந்தத் தேதிக்குள், அதற்கு யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதித் தன் இணையிடம் ஒரு பிரதி கொடுக்கட்டும். மேசை உதவியாளர் தன் மேசையின் ஐந்து பேரையும் இரண்டாவது வாரம் ஒரு முறை, ஆறாவது வாரம் ஒரு முறை போனில் கூப்பிட வேண்டும். அந்த அழைப்புக்கும் அவர் நேரத்துக்கும்தான் நான் சொன்ன நான்கில் ஒரு பங்கு.

இரண்டாவது வார அழைப்பில் 'பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்கக்கூடாது, எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'பட்டியல் இப்போது எங்கே இருக்கிறது, இரண்டாவது ஆள் யார், அவரால் திறக்க முடிகிறதா, இப்போதே ஒரு முறை திறந்து பார்க்கிறீர்களா' என்று கேட்க வேண்டும். பாதிப் பேர் எங்கேயோ ஒரு இடத்தில் சிக்கியிருப்பார்கள். பெரும்பாலும் அது மிகச் சின்ன இடம், பத்து நிமிடத்தில் தீரும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால்தான் போன முறை எல்லாம் கைவிடப்பட்டது என்பது என் ஊகம். தேதி குறிப்பதற்கு முன்னால் போன முறை வந்தவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் நின்றுபோனது என்று கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று பதில்களோடு மறுபடி எழுதினால், முதல் நாள் காலையில் என்ன வைப்பது என்பதைச் சேர்ந்தே யோசிக்கலாம்.